காட்டின் கடனும் காணியின் உரிமையும்

பசி தீர்க்கும் பொருட்டுக் காட்டை வெட்டுதல் அறமாகுமா என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. வெட்டியவனின் வயிற்றை நோக்கின் ஒரு விடையும், அவன் வயலுக்கு நீர் வரும் வழியை நோக்கின் வேறொரு விடையும் தோன்றும். கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரத்தின் அண்மைக்கால வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுமாறு பணிக்கின்றது.

ஸ்கந்தபுரத்தை அடுத்துள்ள அக்கராயன் குளத்துக்கு நீர் கொணர்வது அக்கராயன் ஆறு. வன்னியின் ஏனைய ஆறுகளைப் போலவே அதுவும் வடகீழ்ப் பருவமழையிற் பெருகிக் கோடையில் வற்றுவது. பாலையும் வீரையும் முதிரையும் வளரும் மேல்நிலக் காடு, மழையின் வேகத்தைத் தணித்து நீரை மண்ணுள் இறக்குகின்றது. காடு நீங்கிய நிலத்திலோ வெள்ளம் விரைந்தோடி, வாரிய மண்ணைக் குளத்திற் சேர்க்கின்றது. தூர்ந்த குளம் மாரியில் வழிந்தோடும். சிறுபோகத்துக்கு வேண்டிய நீரைத் தேக்கிவைக்க மாட்டாது.

எனினும் வன்னியிற் காடழித்த எளியோர் பேராசையால் அழித்தவரல்லர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் நிலமற்றோர் பலர் இங்குக் காணி பெற்றனர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப்பின் மலையகத் தமிழர் பலர் வன்னியை நாடினர். 1996இல் கிளிநொச்சி நகரை விட்டு நீங்கியோர் பலர் ஸ்கந்தபுரத்திலே தஞ்சம் புகுந்தனர். குடிசைக்குக் கம்பும் அடுப்புக்கு விறகும் அருகிருந்த காடே தந்தது. 2008இல் அவ்வூரும் இடம்பெயர்ந்தது. ஆளில்லாக் காணிகளைப் பற்றை மூடியது. 2009இல் போர் முடிந்தபின் மீண்டோர் சிலர், வன்னியின் பல இடங்களில், தம் பழைய காணி வனமெனக் கணிக்கப்படுவதைக் கண்டனர்.

உழைப்பைக் கலந்தவனுக்கு நிலம் உரியதாகும் என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக். பிறருக்குப் போதியதும் நல்லதும் எஞ்சவேண்டும் என்று அதற்கு அவரே வரம்பும் விதித்தார். முதற்கூற்று மீண்டவனின் பக்கம் நிற்கின்றது. துரத்தப்பட்டவன் கைவிட்டவன் ஆகான். அவன் இல்லாக் காலத்து வளர்ந்த பற்றை அவன் உரிமையை மறைக்குமேயன்றி அழிக்காது. ஆயின் இரண்டாங் கூற்று அவனையும் பிணிக்கின்றது. ஆற்று வடிநிலத்தில் எஞ்சவேண்டியவற்றுள் நீரும் ஒன்று. மேல்நிலத்து மரம் வீழும்போது அதன் விலையைக் கொடுப்பவன் கீழ்நிலத்து உழவன். அவன் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை.

ஆகவே, காடு காக்கும் கடனை மீண்டுவந்த வறியவன் தலைமேல் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. குளத்து நீரால் விளைவிப்போரும், அந்நெல்லை உண்போரும், காணி வழங்கிய அரசும் அக்கடனிற் பங்குடையர். அவனுக்கு அவன் காணியை மீள அளித்து, ஆற்றங்கரை மரங்களையும் நீரேந்து பரப்பின் காட்டையும் பொதுச் செலவிற் பேணுதலே அறத்தின்பாற்படும்.