இறுதிக்கடனும் நோய்த்தொற்றும்

இறந்தவரைக் குளிப்பாட்டி, துணி போர்த்தி, வேண்டுதலோடு அனுப்பிவைப்பது இருப்பவர்கள் மேல் விழுந்த கடன் என்பதில் பெரும்பாலான சமயங்கள் ஒத்துப்போகின்றன. குளிப்பாட்டும் கைகளுக்கே அந்த உடல் எமனாகும்போது கடன் என்னவாகும் என்ற கேள்வியை, மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலாக் காலம் மிகக் கடுமையாக எழுப்பியது. 2013 டிசம்பரில் கினி நாட்டின் மெலியாண்டு என்ற சிற்றூரில் தொடங்கிய அந்தக் கொள்ளைநோய் லைபீரியா, சியரா லியோன் நாடுகளுக்கும் பரவியது. 2016-இல் அது ஓய்ந்தபோது 28,600-க்கும் அதிகமானோர் நோயுற்றிருந்தனர். 11,300-க்கும் அதிகமானோர் இறந்திருந்தனர்.

எபோலா நோயாளியின் உடலில் வைரஸ் உச்சத்துக்குப் போவது சாகும் தறுவாயில்தான். எபோலாவில் இறந்த குரங்குகளின் உடலில் 7 நாள் வரை உயிருள்ள வைரஸ் இருந்ததை ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. சியரா லியோனில் ஒரு நாட்டு வைத்தியப் பெண்ணின் இறுதிச் சடங்கிலிருந்து கிளைத்த தொற்று, 365 சாவுகள் வரை போனதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பாதுகாப்பில்லாத ஓர் அடக்கம் சராசரியாக 2.58 பேருக்குப் புதிதாக நோயைக் கொடுத்தது என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இப்படியிருந்தும் மக்கள் சடங்கை விடாததை, தொடக்கத்தில் அதிகாரிகள் பலர் அறியாமை என்றே எடுத்துக்கொண்டார்கள். முகம் தெரியாத உடுப்பில் ஆட்கள் வந்தார்கள், குளோரின் தெளித்தார்கள், பிணத்தைக் கறுப்புப் பையில் கட்டி எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். எந்தக் குழியில் யார் என்று குடும்பத்துக்கே தெரியாமல் போனது. மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், இருட்டில் புதைத்தார்கள். 2014 செப்டம்பரில் கினியின் வோமே ஊரில் விழிப்புணர்வுக் குழுவினர் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளுக்கு நியாயம் சொல்ல முடியாது. ஆனால் சடங்கை விட மறுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அந்தக் கொலைகாரர்களோடு சேர்த்து எண்ணுவதும் நியாயமில்லை. முறைப்படி அடக்கமாகாதவர் முன்னோரிடம் போய்ச் சேரமாட்டார், அலைந்து திரிந்து குடும்பத்தைத் துன்புறுத்துவார் என்று நம்புகிற ஊரில், பெற்ற தாயைப் பையில் கட்டிக் கொடுத்துவிடுவது கைவிடுதல். மறுத்தவர்களை அப்படிக் கொடுக்கவிடாமல் தடுத்தது கடமை உணர்ச்சி.

மானுடவியலாளர்கள் களத்துக்கு வந்த பிறகுதான் இது அதிகாரிகளுக்குப் புரியத் தொடங்கியது. கினியின் கிஸ்ஸி மக்களிடையே ஒரு கர்ப்பிணி எபோலாவில் இறந்தார். சிசுவை வயிற்றிலிருந்து எடுக்காமல் தாயைப் புதைக்கக் கூடாது என்பது அவர்கள் நெறி. மீறினால் உலகின் ஒழுங்கே குலையும். எடுக்கப்போனால் எடுப்பவர் சாவார். குடும்பமும் மருத்துவக் குழுவும் அசையவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பணியாற்றிய ஜூலியன் அனோகோ என்ற மானுடவியலாளர், இப்படி நெறி மீற நேர்ந்தால் என்ன செய்வது என்று பெரியவர்களிடமே கேட்டார். பரிகாரச் சடங்கு ஒன்று இருந்தது. ஆடு, வெள்ளைத் துணி முதலியவற்றின் செலவை நிறுவனம் ஏற்றது. சடங்கு நடந்தது, தாயும் சிசுவும் ஒன்றாகவே அடக்கமானார்கள்.

இதன் தத்துவ முக்கியத்துவம் பெரிது. விதியோடு விதியை மீற நேரும் நிலைக்கான வழியையும் அந்த மரபே வைத்திருந்தது. உகாண்டாவின் குலு பகுதியில் 2000-இல் எபோலா பரவியபோது மானுடவியலாளர் பாரி ஹ்யூலெட் கண்டதும் இதுவே. அங்கே அச்சோலி மக்கள் வழக்கமான நாளில் தந்தையின் சகோதரியைக் கொண்டு உடலைக் குளிப்பாட்டுவார்கள். ‘கெமோ’ என்னும் கொள்ளைநோய் ஆவி வந்துவிட்டதென்று முடிவானால் அந்த முறை நின்றுவிடும். நோயாளி வீட்டில் அடையாளக் கழி நடப்படும். நோயிலிருந்து மீண்டவரே பணிவிடை செய்வார். பிணம் ஊர் எல்லையில் புதைக்கப்படும்.

இஸ்லாத்தில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவது சமூகத்தின் மேல் உள்ள கடமை. தண்ணீரைப் பயன்படுத்த முடியாத நிலைக்குத் தயம்மும் என்னும், மண்ணால் தூய்மை செய்யும் முறையும் உண்டு. 2014 நவம்பரில் சமய அமைப்புகளோடு கலந்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அடக்க நெறிமுறை இதைப் பயன்படுத்திக்கொண்டது: பையின் மேலேயே தயம்மும், பையின் மேலேயே கஃபன் என்னும் பிணத்துணி. தயம்முமும் அல்லாஹ் விதித்ததே என்பதால் அதைக் குறைபட்ட கடமையாக ஒரு முஸ்லிம் எண்ண வேண்டியதில்லை. கிறிஸ்தவத்தில் அகஸ்டின், இறந்தோரைப் பேணுவது பற்றிய தம் நூலில், சடங்குகள் இறந்தவருக்கு உதவுவதைவிட இருப்பவருக்கே அதிக ஆறுதல் தருகின்றன என்று வாதிட்டார். உடலை இழிவாக நடத்தலாகாது என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த வாதம் கிறிஸ்தவருக்கு வழிவிடும். சடங்கே இறந்தவரைக் கரைசேர்க்கிறது என்று நம்பும் கிஸ்ஸி முதியவருக்கு இதனால் பயனில்லை. அவருக்கு அவர் மரபிலிருந்துதான் விடை வரவேண்டும்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பான அடக்கங்கள் 1,411 முதல் 10,452 வரையிலான தொற்றுகளைத் தடுத்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. இவ்வளவு உயிர்கள் பிழைத்ததாலேயே சமயத் தலைவர்களை அரசின் ஒலிபெருக்கியாக்குவது சரியாகிவிடாது. முடிவை எடுத்துவிட்டு இமாமிடம் ஒப்புதல் மட்டும் கேட்டால், அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போய்விடும். அவருக்கு மறுக்கும் உரிமை இருந்தால்தான் அது கலந்தாலோசனை.

சடங்கை மாற்றச் சொல்லும் தேவையும் உண்மையானதாக இருக்க வேண்டும். மன்ரோவியாவில் 2014 ஆகஸ்டில் எபோலாப் பிணங்களை எரிக்க லைபீரிய அரசு ஆணையிட்டது. அங்குள்ள இந்தியர்களுக்காகக் கட்டப்பட்ட தகனக்கூடத்தில் அவை எரிக்கப்பட்டன. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை கல்லறைகளைக் கழுவி அலங்கரிக்கும் நாட்டில், கல்லறையே இல்லாத சாவு பெரிய தண்டனை. டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அடக்கத்துக்கு நிலம் கிடைத்ததும் எரிப்பு நின்றது. இடமும் வழியும் இல்லாத நெருக்கடி என்று அந்த ஆணைக்காவது சொல்லலாம். 2020-இல் கோவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு விதித்ததற்கு அந்தக் காரணமும் இல்லை. புதைக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. ஒரு கைக்குழந்தையும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி எதிர்த்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் புதைக்க அனுமதி வந்தது. ஓட்டமாவடி என்ற ஊரில் அடக்கங்கள் தொடங்கின. 2024-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. நிர்ப்பந்தம் வந்தால் சலுகை உண்டு என்று சொல்லும் அதே இஸ்லாமியச் சட்டவியல் (ஃபிக்ஹு), இல்லாத நிர்ப்பந்தத்துக்குச் சலுகை தருவதில்லை. ஆகவே எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் கேட்டது மரபுக்கும் அறிவியலுக்கும் ஒருசேரப் பொருந்திய ஒன்று.