யாருக்காக அஞ்சினோம்?

சில ஆண்டுகளைத் தேர்தலாலும் சிலவற்றை வெள்ளத்தாலும் நினைவிற்கொள்கிறோம். திருப்பூரில் வாழும் நாம் 2023ஆம் ஆண்டை ஓர் அச்சத்தால் நினைவிற்கொள்ள வேண்டியிருக்கிறது. அது யாரைக் குறித்த அச்சம் என்னும் வினா நம் மனச்சான்றை விட்டு இன்னும் அகலவில்லை.

அவ்வாண்டு ஜனவரியில் நம் நகரின் தேநீர்க் கடை ஒன்றினருகே உள்ளூர்க்காரருக்கும் வடமாநிலத் தொழிலாளருக்கும் மூண்ட தகராறு காணொளியாகப் பரவியது. அவர்கள் பெருகிவிட்டார்கள், நம் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்பதே எங்கும் பேச்சாயிற்று. ‘வடக்கன்’ என்ற சொல் வசையாகவே வழங்கியது. (அப்பெயரிட்ட திரைப்படம் ஒன்று தணிக்கையின் மறுப்பால் 2024இல் ‘ரயில்’ என்று வெளிவந்தது. சொல்லை மாற்றுவது எளிது.)

மார்ச் பிறந்ததும் காற்று திசைமாறியது. வேறெங்கோ வேறெதற்கோ நடந்த சண்டைகளின் காட்சிகளைக் காட்டி, பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் கொல்லப்படுவதாகப் பொய் பரப்பினர். பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அம்மாநில அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. செய்தி பொய்யென்று காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவித்தார். எனினும் மார்ச் 8 ஹோலிப் பண்டிகைக்கு ஊர் சென்றவர்களோடு அஞ்சிச் சென்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் நாம் உருகினோம். இவர்கள் எப்போது போவார்கள் என்று கேட்ட அதே நா, போய்விட்டால் பவர் டேபிளில் யார் உட்காருவது, அயர்னிங்குக்கு யார் நிற்பது, ஆர்டர் எப்படிக் கப்பலேறும் என்று கேட்கத் தொடங்கியது. உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. முதலாளிகள் நேரில் ஆறுதல் கூறினார்கள். அதனை நாம் குறைகூறவில்லை. அஞ்சியவனுக்குச் சொல்லும் ஆறுதல், எந்நோக்கத்தோடு சொல்லப்பட்டாலும், அவனுக்கு ஆறுதலே. ஆனால் ஒருவரை அவருடைய கைகளுக்காக மட்டும் காத்துக்கொள்வது அன்பாகுமா? தையல் இயந்திரத்துக்குங்கூட நாம் வேளை தவறாமல் எண்ணெயிடுகிறோம் அன்றோ!

வந்தாரை வாழவைப்பவர்கள் என்று நாம் பெருமை பேசுகையில், நம்மில் பலரும் வந்தவர்களின் பிள்ளைகளே என்பது மறந்துபோகிறது. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த நம் பெற்றோர் வாடகைக்கு வீடு கேட்டபோது, முதலில் என்ன ஊர், அடுத்து என்ன சாதி என்றே கேட்கப்பட்டது. இன்று அதே கேள்வியை நாம் கேட்கிறோம், வீட்டுக்காரராக.

அவ்வாண்டின் மற்றொரு வாதமும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. ஒரு நாளின் வேலைநேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே தினத்தன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். உழைப்பின் நேரம் உழைப்பவரின் வலிமையை மீறலாகாது என்று 1891இலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியதை அறிந்த நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது முறையே. ஆயினும் காலை எட்டரைக்கு உள்ளே சென்று இரவு எட்டரைக்கு வெளியே வருவதற்கு நம் ஊரில் நெடுங்காலமாகவே ஒரு பெயருண்டு: ஒன்றரை ஷிப்டு. எந்த மசோதாவும் வேண்டியிராத 12 மணி நேரம் அது. அவர்களே விரும்பிச் செய்கிறார்கள் என்போம். ஒரு ஷிப்டின் கூலி அறை வாடகைக்கும் உணவுக்கும் போனபின் ஊருக்கு அனுப்ப எதுவும் எஞ்சாதபோது, அந்த விருப்பம் யாருடைய விருப்பம்?

நம் ஞாயிறு திருப்பலியில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கத்தோலிக்க இளைஞர்கள் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். மொழி புரியாவிடினும் எழுவதும் முழந்தாளிடுவதும் பிசகுவதில்லை. சமாதான வாழ்த்தின்போது நாம் திரும்பிக் கைகூப்புகிறோம், அவர்களும் கூப்புகிறார்கள். அந்த மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவ்வரிசை காலியாக இருந்தது. எங்கே போனார்கள் என்று விசாரிக்க எண்ணினோம். அவர்களுள் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.