பந்தி முடிந்த பின்பு



திருவிழா நாளில் நிழல் தாங்கலில் தொண்டருக்குப் பஞ்சமில்லை. வாகனம் சுமக்கத் தோள்கள் போட்டி போடும். பந்தி முடிந்து அண்டா கழுவும் நேரத்தில்தான் தலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் பெரிது. அடுத்த மாத முதல் ஞாயிறு பணிவிடைக்கு அந்த மூவரில் ஒருவரும் வராமல் போவார். இக்காலப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். குறை பக்தியில் இருக்கிறதா, நடத்துகிறவர் நடத்தும் விதத்தில் இருக்கிறதா?

அய்யா வைகுண்டர் துவையல் தவசு நடத்திய விதத்தைப் பாருங்கள். எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதிக் கடற்கரையில் கூடினார்கள். கடலில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், அரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து எல்லோரும் ஒரே உணவு உண்டார்கள். ஒரு காசு கூலி கிடையாது. அப்படியும் மாதக்கணக்கில் நின்றார்களே, எதனால்? தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். அவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர் அய்யா. முதலில் மரியாதை தந்தார், பிறகுதான் வேலை சொன்னார்.

சேலம், நாமக்கல் பக்கத்து அன்பர்களுக்குக் கண்ணருகே இன்னொரு சான்று உண்டு. சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாக இருந்து, அந்தத் தொழிலை விட்டவர் ராஜாஜி. 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மழை பொய்த்த காலம் அது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கி, நூற்றுக் கொடுத்துக் கூலி பெற்றார்கள். நகரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, வாரம் ஒருநாள் வந்து உத்தரவு போட்டுப் போகிறவராக ராஜாஜி இருக்கவில்லை. குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார்.

1930 ஏப்ரல் 13-இல் அவர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களோடு நடந்தார். இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் எச்சரித்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டி வைத்தார்கள். நடந்தவர்கள் வாயில் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை அந்த நடைக்கென்றே எழுதிய பாட்டு இருந்தது. தலைவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் நடந்திருந்தால் கால் சோர்ந்திருக்கும். பாட்டோ பாடுகிற ஒவ்வொருவருக்கும் சொந்தம். ஏப்ரல் 30-இல் ராஜாஜி கைதானார். அதன் பிறகும் உப்பெடுக்க ஆள் இருந்தது.

இப்போது தாங்கலுக்கு வருவோம். இப்பகுதித் தொண்டரில் ஒருவர் லாரி ஓட்டுவார், ஒருவர் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போயிருப்பார், ஒருவருக்குத் தறியில் இரவு ஷிப்ட், ஒருவருக்குக் கோழிப்பண்ணை. வரவில்லை என்று நோட்டில் கோடு போடுவது எளிது. அவரவர் நேரத்தைக் கேட்டறிந்து வேலை கொடுப்பதுதான் சிரமம். தறி விட்டு விடியலில் வருகிறவர் வாசல் கூட்டட்டும். லோடு ஏற்றப் போகுமுன் டிரைவர் அரிசி மூட்டையை இறக்கித் தரட்டும். கொடுத்த வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும். குழம்புக்கு உப்புப் போடுகிறவர் பின்னால் நாலு பேர் நின்று யோசனை சொன்னால், மறுமுறை அவர் கரண்டி எடுப்பாரா? தவறு நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், பந்தியில் வைத்து அல்ல.

இன்னொன்று. நன்கொடை தந்தவர் பெயரை மைக்கில் மூன்று தடவை வாசிக்கிறார்கள். அண்டா கழுவியவர் பெயர் ஒருதடவையும் காதில் விழுவதில்லை. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது இருவரும் ஒன்றுபோலத்தானே தெரிகிறார்கள்!

வரும் முதல் ஞாயிறு, பந்தி முடிந்ததும், தாங்கல் நிர்வாகி யாரையும் கூப்பிடாமல் தாமே முதலில் போய் அண்டா அருகே உட்காரட்டும். சாம்பலும் தேங்காய் நாரும் அங்கேதான் இருக்கின்றன.