ஆகஸ்ட் பன்னிரண்டு

மட்டக்களப்பில் தமிழ், முஸ்லிம் உறவு பற்றி மேடை போட்டால் முதல் பேச்சாளர் வாயிலேயே பிட்டும் தேங்காய்ப்பூவும் வந்துவிடும். குழலுக்குள் மாறிமாறி இட்டு அவித்ததுபோல இரு சமூகமும் கரையோரம் நெடுகக் குடியிருக்கிறது என்பது உண்மைதான். காத்தான்குடிக்குத் தெற்கே ஆரையம்பதி. ஏறாவூரை ஒட்டிச் செங்கலடி. சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனை. உவமையில் பிழையில்லை. ஆனால் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியதும் எல்லாரும் தேநீருக்கு எழுந்துவிடுகிறோம்; அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே மாதிரி வாழ்ந்தது எங்களைக் காப்பாற்றவில்லை. மொழி ஒன்று. தாய்வழி வருகிற குடி முறை இரண்டு பக்கமும் உண்டு. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் அந்தக் குடிவழியில் வந்தவர்களே. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அங்கே குடிவைக்கும் வழக்கம் இன்றைக்கும் இரண்டு ஊர் அப்பன்மாருக்கும் முதுகை முறிக்கிறது. இவ்வளவும் இருக்கத்தான் 1990 வந்தது.

அந்த ஆகஸ்டை நாள் நாளாகச் சொல்ல வேண்டும். 3ஆம் தேதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு மேல், சிறுவர்களும் அதில். 11ஆம் தேதி இரவு ஏறாவூர். அங்கேயும் நூற்றுக்கு மேல். 12ஆம் தேதி வீரமுனை. பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களை ராணுவத்தினரும் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் கொன்றார்கள். 15ஆம் தேதி, மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்த அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹெபேர், வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும் வழியில் கூட வந்த இளைஞனோடு காணாமல் போனார். புனித மைக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் அவர். இன்றுவரை உடல் கிடைக்கவில்லை.

காத்தான்குடி மீரா ஜும்மாப் பள்ளிவாசல் சுவரில் துப்பாக்கிக் குண்டுத் துளைகளைப் பூசி மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அங்கே துஆ நடக்கிறது. சில நாள் கழித்து, ஏறாவூரில் ஒரு நினைவுகூரல், வீரமுனையில் இன்னொன்று. என் வயதுத் தமிழரிடம் வீரமுனை பற்றிக் கேளுங்கள், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் ராணுவம் செய்ததையும் சேர்த்துத் தேதியோடு சொல்வார். காத்தான்குடி பற்றிக் கேட்டால் “அதுக்கு முதல் அவங்க செய்தது தெரியுமா?” என்று தொடங்குவார். அங்கே போய்க் கேட்டாலும் இதே கேள்விதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அவரவர் பிணத்தை அவரவர் எண்ணுகிறோம்.

இதற்கும் சமாதானத்துக்கும் என்ன தொடர்பு, பழசைக் கிளறாமல் விடுவதே நல்லது என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2002ஐச் சொல்வேன். அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதற்காகப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள். போரில் கைவிட்டுப்போன வயல்களில் முஸ்லிம்கள் மீண்டும் வேளாண்மை செய்யலாம் என்ற பேச்சும் அதில் இருந்தது. ஜூனில் வாழைச்சேனையில் கடைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். மேலே கைகுலுக்கியவர்களின் செய்தி கீழே தெருவுக்கு இறங்கவில்லை. தெருவில் இருந்தது பழைய கணக்கு. அதை யாரும் வாய்விட்டுப் பேசித் தீர்க்கவில்லை.

பேசாத இடத்தில் வதந்திதான் பேசும். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் பலர் பிள்ளைகள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமைதாங்கிய சஹ்ரான் காத்தான்குடிக்காரன் என்றதும் ஊர் முழுவதையும் குற்றவாளியாக்கிப் பேசினோம். 2017இலேயே அவன் கூட்டம் அதே ஊரில் சூஃபி முஸ்லிம்களைத் தாக்கியதும், அவர்கள் அவனுக்கெதிராகப் பொலிஸில் முறையிட்டதும் பக்கத்து ஊரான எங்களுக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தால் குண்டு வெடித்திருக்காது என்று சொல்லவில்லை. மறுநாள் காலை நாங்கள் பேசிய பேச்சு வேறாக இருந்திருக்கும்.

எப்படி எட்டும்? பாடசாலையே தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று தனித்தனி. இரண்டிலும் தமிழில்தான் படிப்பு. நோன்புக்காக முஸ்லிம் பாடசாலைகளுக்கு வேறு தவணை அட்டவணை என்பதால் பிள்ளைகளுக்கு விடுமுறைகூட ஒன்றாக வருவதில்லை. மதத்துக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு நியாயமானதே. ஆனால் ஒரே மொழியில் படித்த இரண்டு பிள்ளைகள் இருபது வயதுவரை ஒரு வாங்கில் சேர்ந்து உட்காராமலே வளர்ந்துவிடலாம்.

இரு தரப்பும் உண்மையிலேயே ஒன்றாக உட்காரும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். போகத் தொடக்கத்தில் குளத்துக்குக் குளம் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம். அங்கே யாரும் இன ஒற்றுமை பற்றி வாய் திறப்பதில்லை. மதகு எந்த நாளில் திறப்பது, விதைப்பு எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்பதே பேச்சு. சத்தம் போடுவார்கள். “காக்கா, போன முறையும் உங்கட பக்கம்தான் முதல்ல தண்ணி” என்பான் ஒருவன். அவர் கணக்கைக் காட்டுவார். கடைசியில் எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரு தீர்மானம் எழுதப்படும். சண்டைக்கு ஒரு நாளும் மேசையும் குறித்து வைத்திருப்பதுதான் இதன் பலம். தமிழர்கள் தரமுயர்த்தக் கேட்டு முஸ்லிம்கள் மறுக்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினைக்கு அப்படியொரு மேசை இல்லாமற் போனது; எல்லைக்கோடு பற்றிய பிணக்கு 2019இல் உண்ணாவிரதம்வரை போய், பிக்குமார் வந்து புகுந்து, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாதவர்கள் அதில் குளிர்காய்ந்தார்கள்.

தண்ணீருக்கு முடிவது இறந்தவர்களுக்கும் முடிய வேண்டும் என்பதே என் எண்ணம். ஆகஸ்ட் பன்னிரண்டில் வீரமுனைக்குச் சம்மாந்துறைப் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இருவர் வரட்டும். ஆகஸ்ட் மூன்றில் காத்தான்குடிக்கு ஆரையம்பதிக் கோயில் நிர்வாகத்திலிருந்து இருவர் போகட்டும். சொன்னால் உடனே வரும் கேள்வி, “முதல்ல ஆர் போறது?” என்பது. கலியாணத்துக்குத்தான் சொல்லி அழைக்க வேண்டும், செத்த வீட்டுக்கு அழைப்பில்லாமலே போகலாம் என்பது எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான வழக்கம். ஆகவே நாட்காட்டிப்படி முதலில் வருவது மூன்றாம் தேதி, போக வேண்டியவர்கள் நாங்கள். பொன்னாடை, ஒலிவாங்கி, முகநூல் படம் எதுவும் வேண்டாம். அரசியல்வாதிகளுக்குச் சொல்லவும் வேண்டாம்.