பாவம் யாரைச் சேரும்?

சிலமலையில் வீடு வீடாகப் போய்ச் சுவருக்கு டி.டி.டி. அடித்த காலத்தில் ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: “ஏன் தம்பி, கொசுவும் ஒரு உசுருதானே? கொல்ற பாவம் யாரைச் சேரும்?” அவர் மகன் ஏலக்காட்டிலிருந்து குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்து கட்டிலில் கிடந்தான். அதைத் தங்கள் முன்வினை என்றார் பாட்டி.

இரண்டும் ஒரே கேள்விதான். துன்பத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி எங்கள் மண்ணுக்குப் பழையது. பக்கத்து உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர்கள் வீற்றிருக்கிறார்கள். சமணக் கணக்கில் கொசு நான்கு புலன்கள் உள்ள உயிர். அதன்மேல் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வராது. ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை முதிர அது வேண்டும். கிருமியையும் அது நோயுற்ற மனிதரிடமிருந்தே எடுக்கிறது.

முன்வினைக்கு வருவோம். 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டியபோது மலைக்காய்ச்சலுக்கும் காலராவுக்கும் கூலியாட்கள் பலர் பலியானார்கள். காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பிய காலம் அது. ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று; அணை முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. செத்தவர்கள் அத்தனை பேரும் வினை சுமந்து மலையேறியவர்களா? ஒரு கொசுவலைக்குள் நுழைய முடியாதது எப்படி ஊழ்வினை ஆகும்?

பிரேசிலிலும் இதே கதை. 1909இல், ரயில்பாதை போட்ட கூலிகளின் மலேரியாவைத் தடுக்க லசான்ஸ் என்ற ஊருக்குப் போயிருந்த மருத்துவர் கார்லோஸ் சாகாஸ் வேறொரு நோயைக் கண்டார். மண்சுவர் வெடிப்பில் பகலெல்லாம் பதுங்கும் பூச்சி, இரவில் தூங்குகிறவர் முகத்தில் ரத்தம் குடித்து அங்கேயே எச்சமிடும். சொறிந்தால் கிருமி உள்ளே போகும். சிலருக்குப் பல வருடம் கழித்து இதயம் பழுதாகும். இன்றும் சுமார் 70 லட்சம் பேருக்கு அந்தத் தொற்று உண்டு. வெடிப்பில்லாமல் பூசிய சுவரில் அந்தப் பூச்சிக்கு ஒதுங்க இடமில்லை.

மலையோடையில் பெருகும் எங்கள் கொசுவும் ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில்தான் போய் உட்காரும். அதனால்தான் சுவருக்கு மருந்தடித்தோம். மருந்து கொல்லும், உண்மை. அந்தக் கொலையில் என் கைக்கும் பங்குண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் ஏலக்காட்டுக் கூலிகள் தங்கும் லயத்துச் சன்னலுக்கு வலை இருந்திருந்தால் கொசுவும் பிழைத்திருக்கும், கூலியும் பிழைத்திருப்பான். கொல்லாமையை அந்த வலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

வினை என்று ஒன்று உண்டென்றே வைத்துக்கொள்வோம். அது கட்டிலில் நடுங்கியவனுடையது அல்ல. ஏலக்காயின் விலையை எண்ணி வாங்கிக்கொண்டு, அதைப் பறித்தவன் படுக்கும் அறைக்கு வலை போடாமல் விட்டவர்களுடையது. அதுவும் இந்தப் பிறவியில் செய்தது.