பட்டது யாருக்குத் தெரியும்?

விரல் நுனி கணுக்காலில் பட்டதா இல்லையா என்பது இரண்டே பேருக்குத்தான் உறுதியாகத் தெரியும். தொட்டவனுக்கும், தொடப்பட்டவனுக்கும். உடற்கல்வி ஆசிரியராக இருந்துகொண்டு முப்பது ஆண்டுகள் ஊர்க் கபடிகளுக்கு விசில் ஊதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். தை பிறந்துவிட்டால் அந்த நெடுஞ்சாலையின் இருபுறமும், மயிலம், விக்கிரவாண்டி பக்கமெல்லாம், சனிக்கிழமை இரவில் ஏதாவது ஓர் ஊரில் மின்னொளி கபடி இருக்கும். அறுப்பு முடிந்த கழனியைச் சமன் செய்து, 13 மீட்டர் நீளம் 10 மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். ஒரு சுழற்கோப்பை, உள்ளூர்க்காரர் யாரோ கொடுத்த ரொக்கப் பரிசு. ஆட வருகிறவர்களில் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் உண்டு, செங்கல் சூளைப் பையன்கள் உண்டு, கல்லூரியில் படிக்கிறவர்கள் உண்டு. விடிய விடிய ஆடிவிட்டு, சிராய்த்த முட்டியோடு திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களில் யாரும் தொலைக்காட்சியில் வரப்போவதில்லை.

விதிப்புத்தகப்படி நடுவர் ஒருவர், துணை நடுவர் இருவர், பாயிண்ட் குறிக்கத் தனி ஆட்கள் வேண்டும். எங்கள் களத்தில் பெரும்பாலும் நானும் இன்னொருவரும்தான். புரோ கபடியில் சந்தேகம் வந்தால் கேமராப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். இங்கே இருப்பது டியூப் லைட்டும் புழுதியும். அதனால் வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும்: “பட்டுச்சா தம்பி?” வெளிநாடுகளில் காசு வாங்காமல் ஆடும் சிறிய ரக்பி அணிகளுக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். பத்துப் பேர் குவிந்து கிடக்கும்போது பந்து தரையில் பட்டதா என்பது அடியில் கிடப்பவனுக்குத்தான் வெளிச்சம்.

அப்படியானால், யாருக்கும் தெரியாத இடத்தில் ஒருவனை உண்மை சொல்ல வைப்பது எது?

எங்கள் பக்கத்தில் இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. விழுப்புரத்துக்கு அருகே, பம்பை ஆற்றங்கரையில், திருவாமாத்தூர் அபிராமேஸ்வரர் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச்சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது நம்பிக்கை. கொடுத்த கடனை இல்லை என்கிறானா, பங்காளி நிலத்தை அமுக்கப் பார்க்கிறானா, “வா, வட்டப்பாறையில வந்து சொல்லு” என்று கூப்பிட்டுவிடுவார்கள். பாதிப் பேர் கோபுரம் தெரியும் முன்பே சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். பத்திரமும் வக்கீலும் இல்லாத ஏழைக்கு அந்தப் பாறைதான் கோர்ட்டாக இருந்திருக்கிறது. ஆனால் முப்பது விநாடி ரைடு முடிந்த கையோடு யாரையும் பாறைக்குக் கூட்டிப் போக முடியாதே.

1987 தை மாதம். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். எனக்கு இருபத்திரண்டு வயது, கார்னரில் நிற்பேன். இறுதி ஆட்டம். அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காலனி அணியை ஊர்க்களத்தில் ஆட விட்டிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். அவர்கள் பக்கமிருந்து பாடி வந்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். நான் பின்வாங்கித் திரும்புகையில் அவன் நகம் என் இடது கணுக்காலில் உரசியது. கோட்டைத் தாண்டிப் போய்க் கையைத் தூக்கினான். நடுவர் என்னைப் பார்த்தார். “படல” என்றேன். “அண்ணே, பட்டுச்சுண்ணே” என்று ஒரே ஒரு முறை சொன்னான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றான். கோப்பை எங்களுக்கு வந்தது.

தொடுவதையே சட்டமாகக் கொண்ட ஆட்டத்தில், அவன் என்னைத் தொட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் கோப்பை ஆசை எவ்வளவு, சாதி எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் திருவாமாத்தூர் வழியாகப் போனால்கூடக் கோயிலுக்குள் நுழைய மாட்டேன்.

பின்னாளில் சைவ சித்தாந்த வகுப்பொன்றில் போய் உட்கார்ந்தேன். எங்கள் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அருளினார். அதில் பதினோராவது சூத்திரத்தைப் பாடம் எடுத்த பெரியவர் விளக்கியபோது எனக்கு அந்தக் களம் கண்முன் வந்தது. கண் தானாகப் பார்த்துவிடாது, உயிர் அதற்குக் காட்ட வேண்டும். காட்டுகிற உயிரே கண்ணோடு சேர்ந்து தானும் காண்கிறது. அப்படியே உயிருக்கு இறைவன் காட்டுகிறான், உடன் நின்று காணவும் செய்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பார்கள். அப்படியென்றால் அந்த நகம் பட்டதை எனக்கு உணர்த்தியதே அந்த இறைவன்தான். உணர்த்தியவனிடமே “படல” என்று சொல்லியிருக்கிறேன்.

வட்டப்பாறைக்கு நாம் நடந்து போக வேண்டும். இந்தச் சாட்சி தோலில் படும்போதே கூட இருக்கிறது. ஒருவேளை பாறைக்கு அஞ்சி உண்மை சொல்கிறவனும் இந்தச் சாட்சிக்குத்தான் செவி கொடுக்கிறானோ, என்னவோ. இதில் எனக்கு முடிந்த முடிவு இல்லை. ஆனால் சென்ற தையில் விக்கிரவாண்டி பக்கம் ஓர் ஆட்டத்தில், நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு கார்னர் பையன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். அவன் அணி ஒரு பாயிண்டில் தோற்றது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனிடம் போய் ஏன் என்று கேட்டேன். “பட்டது தெரிஞ்சுதே சார், அப்புறம் எப்படி?” என்றான். மெய்கண்டார் பெயரை அவன் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

அந்த 1987 ஆட்டத்தில் பாடி வந்தவரைப் பல ஆண்டு கழித்துத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அன்று பட்டது என்று. சற்று நேரம் பேசாமல் நின்றார். “எனக்கு அப்பவே தெரியும் சார். உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு” என்றார்.

தம்பிகளே, வரும் தையில் களத்தில் இறங்கும்போது நடுவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பட்டால் கையைத் தூக்கிவிடுங்கள்.