உம்மாவின் ஒப்பம்

1962-இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்தில் மணமுடித்துத் தாமும் அந்நாட்டுக் குடிமகனான சுரக்குடிப் பிள்ளை ஒருவர், உம்மாவைப் பாரிசுக்கு அழைத்துக்கொள்வது பற்றி நம்மிடம் வந்தார். பெற்றோருக்குப் பத்தாண்டு வதிவுரிமைச் சீட்டு உண்டு; ஆனால், தாய் மகனின் ஆதரவிலேயே வாழ்கிறார் என மெய்ப்பித்தல் வேண்டும். அனுப்பிய பணத்தின் ரசீதுகளை அடுக்கிக் கொணர்ந்திருந்தார். பாலூட்டிய கணக்குக்கு ரசீது ஏது?

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனம் முதிய பெற்றோரைப் பிள்ளையின் அருகில் வைத்தே பேசுகிறது. அதையே ஆதாரமாகக் காட்டினார். எவர் வீட்டில் என்று அது வரையறுக்கவில்லையே என்றோம்.

திரைக்கு அப்பாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "அசரத்து, அவன் வாப்பா கபுரு இங்கெ கெடக்கு. ஆனாலும் புள்ளெ மனசு நிம்மதியாவட்டும், கையெழுத்துப் போடுறேன்."

அவ்வொப்பத்தைப் பெறுவது கூடும். நன்றன்று என்றே கருதுகிறோம். ஆண்டுக்கு இருமுறை அவரே வரட்டும்.